அக்கா, ஃபுல் ஃப்ரேம் வாங்கலாமா?

கார்த்திகை மாதத்தில் கும்பகோணத்திலிருந்து ஒரு போன் கால் வந்தது. பெரியப்பா மகன். வழக்கமாக "சாப்டியாக்கா?" என்று ஆரம்பிப்பவன், அன்று நேராக விஷயத்துக்கு வந்துவிட்டான்.

"அக்கா, ஃபுல் ஃப்ரேம் வாங்கலாமா? அம்மா செயினை வெச்சுக்கோன்னு சொல்லிட்டாங்க."

முதல் வாக்கியத்துக்கு என்னிடம் அரைமணி நேரத்தில் பதில் இருந்திருக்கும். டெக் பத்தி எழுதுகிறவளிடம் தினமும் நாலு பேர் கேட்கும் கேள்விதான் அது. இரண்டாவது வாக்கியம் என்னை யோசிக்க வைத்தது. பெரியம்மாவின் அந்த இரட்டை வடச் செயின் எத்தனை முறை அடகுக் கடைக்குப் போய்த் திரும்பியிருக்கிறது என்று எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். "ரெண்டு மாசம் டைம் கொடுடா" என்றேன். நல்லவேளையாக மார்கழி குறுக்கே வந்தது. முகூர்த்தம் கிடையாது, அவனுக்கும் அவசரம் இல்லை.

பெரியப்பாவின் ஸ்டூடியோ என்னைவிட வயதில் மூத்தது. முழுப் பரீட்சை லீவுக்குப் போனால், நீலத் திரைக்கு முன்னால் இருக்கும் ஸ்டூலில் மாறி மாறி உட்காருவதுதான் எனக்கும் தம்பிக்கும் விளையாட்டு. அப்போதெல்லாம் ஜூன் மாதம் ஸ்கூல் அட்மிஷன் சீசனில் பாஸ்போர்ட் சைஸ் போட்டோவுக்கு வரிசை நிற்கும். இப்போது அப்பா அம்மாக்களே போனில் எடுத்து, பேக்ரவுண்டை மாற்றி, ஜெராக்ஸ் கடையில் பிரின்ட் போட்டுக்கொள்கிறார்கள். ஸ்டூடியோவைத் தாங்கி நிற்பது கல்யாணம், சீமந்தம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு விழா ஆர்டர்கள்தான்.

தம்பி எட்டு வருடங்களாக ஒரே கிராப் சென்சார் டி.எஸ்.எல்.ஆரில் எடுக்கிறான். போன ஆவணியில் ஒரு நல்ல ஆர்டர் கைக்கு வந்து நழுவிவிட்டது. மாப்பிள்ளை பெங்களூரில் ஐ.டி வேலை. ஆல்பத்தைப் புரட்டிப் பார்த்து "சூப்பர் ப்ரோ" என்று சொன்னவர், கடைசியில் "ஃபுல் ஃப்ரேம்ல எடுப்பீங்களா?" என்று கேட்டிருக்கிறார். இவன் ஒரு நொடி தயங்கியிருக்கிறான். அந்த ஒரு நொடிக்காகத்தான் மூன்று லட்சத்தைத் தாண்டும் கொட்டேஷனும் பெரியம்மா செயினும்.

பேர்தான் புதுசு

ஃபுல் ஃப்ரேம் என்றால் ஏதோ புதுக் கண்டுபிடிப்பு என்று நினைப்பவர்கள் நிறைய. பெரியப்பாவிடம் கேட்டபோது சிரித்தார். "நாங்க ஃபிலிம்ல எடுத்ததெல்லாம் அந்த சைஸ்தாம்மா. அப்ப அதுக்கு இந்தப் பேர் இல்ல."

அவர் சொன்னது அப்படியே உண்மை. கேமராவுக்குள் ஒளியைப் பிடிக்கும் சென்சாரின் அளவு 36 மி.மீ. நீளம், 24 மி.மீ. அகலம் இருந்தால் அது ஃபுல் ஃப்ரேம். இந்த அளவு கம்ப்யூட்டர் காலத்தில் முடிவானது கிடையாது. ஜெர்மனியின் லைட்ஸ் கம்பெனியில் வேலை பார்த்த ஆஸ்கர் பர்னாக், முதல் உலகப் போருக்கு முன்பே சினிமா ஃபிலிமைக் கொண்டு ஒரு சின்ன கேமரா செய்து பார்த்தார். சினிமாவில் ஒரு ஃப்ரேம் 18-க்கு 24 மி.மீ. அதை இரண்டு மடங்காக்கி 24-க்கு 36 என்று வைத்துக்கொண்டார். 1925-ல் லைகா என்ற பெயரில் அது விற்பனைக்கு வந்தது. அதன்பிறகு உலகம் முழுக்க ஸ்டூடியோக்காரர்கள் வாங்கிய 35 மி.மீ. ஃபிலிம் ரோலெல்லாம் அந்த அளவுதான்.

டிஜிட்டல் வந்தபோதுதான் சிக்கல். அந்த அளவுக்கு சென்சார் செய்வது கட்டுப்படியாகவில்லை. ஏன் என்று தம்பிக்கு நான் கலகலா வைத்துத்தான் விளக்கினேன். வட்டமாகத் தேய்த்த மாவைக் கத்தியால் கட்டம் போடுகிறோம். துண்டு சின்னதாக இருந்தால் நிறைய கிடைக்கும், ஓரத்தில் வீணாவதும் குறைவு. மாவில் ஒரு சின்னக் கல் இருந்தால் அந்த ஒரு துண்டு போச்சு, அவ்வளவுதான். துண்டைப் பெரிதாக வெட்டினால் எண்ணிக்கையும் குறையும், ஓரமும் நிறைய வீணாகும், அதே ஒரு கல்லுக்குப் பெரிய துண்டையே தூக்கிப் போட வேண்டும். சிலிக்கான் தகடும் அப்படித்தான் வட்டமாக வரும். போதாக்குறைக்கு, சிப் அச்சடிக்கும் இயந்திரம் ஒரே தடவையில் பதிக்கக்கூடிய பரப்பைவிட ஃபுல் ஃப்ரேம் பெரியது. பகுதி பகுதியாகப் பதித்து ஒட்டுப் போட வேண்டும்.

அதனால்தான் சுமார் 24-க்கு 16 மி.மீ. அளவில் சின்ன சென்சார்கள் வந்தன. அவைதான் கிராப் சென்சார். 2002-ல் கேனான் தன் முதல் ஃபுல் ஃப்ரேம் டிஜிட்டலான 1டிஎஸ் கேமராவைக் கொண்டுவந்தபோது விலை 8,000 டாலர். 2005-ல் வந்த 5டி, 3,300 டாலர். 2013-ல் சோனி, உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் வகையில் ஏ7 கேமராவை 1,700 டாலருக்குக் கொடுத்தது. 2019-ல் கேனானின் ஆர்.பி, 1,300 டாலர். பதினேழு வருடத்தில் விலை ஆறில் ஒரு பங்கு. இதைப் பார்த்துவிட்டுத்தான் "இன்னும் கொஞ்ச நாளில் எல்லோர் கையிலும் ஃபுல் ஃப்ரேம்" என்று பலரும் பேசினார்கள்.

அப்படி நடக்கவில்லை. காரணம், நீங்கள் இதைப் படித்துக்கொண்டிருக்கும் போன்.

12 கோடியிலிருந்து...

ஜப்பானில் கேமரா கம்பெனிகளின் சங்கம் ஒன்று இருக்கிறது. சிபா என்று சொல்வார்கள். மாதாமாதம் எத்தனை கேமரா ஃபேக்டரியை விட்டுக் கிளம்பியது என்று கணக்கு வெளியிடுவார்கள். கேமரா உலகின் பெரிய கம்பெனிகளில் முக்கால்வாசி ஜப்பானில்தான் என்பதால், இதுதான் தொழிலின் நாடித்துடிப்பு.

2010-ல் அந்தக் கணக்கு 12 கோடியே சில லட்சம். சுற்றுலா போகும் குடும்பத்தில் ஒருவர் கழுத்திலாவது சின்ன டிஜிட்டல் கேமரா தொங்கிய காலம். 2023-ல் அதே கணக்கு ஏறக்குறைய 77 லட்சம். பதினாறில் ஒரு பங்குக்கும் பக்கம். எங்கள் வீட்டிலும் அப்பாவின் சில்வர் கலர் கேமரா பீரோவில் சார்ஜர் இல்லாமல் கிடக்கிறது. உங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கும்.

காணாமல் போனதில் பெரும்பங்கு அந்தச் சின்ன கேமராக்கள்தான். லென்ஸ் மாற்றும் கேமராக்கள் தாக்குப்பிடித்தன என்று நினைக்க வேண்டாம். அவையும் 2012-ல் 2 கோடி வரை போய்ப் பிறகு சரிந்தன. 2019 தொடக்கத்தில் கேனான் தலைவர் ஃபுஜியோ மிடாராய், இந்தச் சந்தை இரண்டே வருடத்தில் பாதியாகி, 50-60 லட்சத்தில் போய் நிற்கும் என்று சொன்னார். தன் கடைச் சரக்கைப் பற்றித் தானே இப்படிச் சொல்லும் முதலாளிகள் அபூர்வம். 2020-ல் கொரோனாவும் சேர்ந்துகொள்ள, எண்ணிக்கை சுமார் 53 லட்சம். சொன்ன இடத்துக்கே வந்து நின்றது.

இந்த இடத்தில்தான் எனக்குக் கதை சுவாரஸ்யமாகிறது. அதற்குக் கீழே போகவில்லை. அடுத்தடுத்த வருடங்களில் மெல்ல ஏறி, 2024-ல் 65 லட்சத்தைத் தாண்டியது. கேமரா ஒன்றை நிஜமாகவே தேவைப்பட்டு வாங்குகிறவர்கள் உலகத்தில் இவ்வளவு பேர்தான் என்று ஒரு தரைமட்டம் தெரிந்துவிட்டது.

இன்னொரு கணக்கையும் பாருங்கள். 2010-லிருந்து 2023-க்குள் எண்ணிக்கை பதினாறில் ஒன்றாகச் சுருங்கியபோது, சரக்கின் மொத்த மதிப்பு யென் கணக்கில் பாதிக்குச் சற்றுக் கீழேதான் இறங்கியது. யென் மதிப்பு விழுந்ததும் இதில் ஓரளவு உதவியிருக்கிறது. இருந்தாலும் விஷயம் தெளிவு: குறைவாக விற்கிறார்கள், ஒவ்வொன்றையும் விலை கூட்டி விற்கிறார்கள். அந்த விலை ஏற்றத்தை நியாயப்படுத்தக் கையில் இருக்கும் சரக்கில் முக்கியமானது ஃபுல் ஃப்ரேம்.

2018-ல் நிக்கானும் கேனானும் ஒரு மாத இடைவெளியில் ஃபுல் ஃப்ரேம் மிரர்லெஸ்ஸுக்குள் குதித்தன. பானசோனிக் அதே வருடம் அறிவித்தது. எல்லோரும் ஒரே கதவை நோக்கி ஓடினார்கள். ஃபியூஜி மட்டும் இதில் வித்தியாசம். கிராப் சென்சாரையும் ஃபுல் ஃப்ரேமைவிடப் பெரிய சென்சாரையும் செய்துகொண்டு, நடுவில் இருக்கும் ஃபுல் ஃப்ரேமைத் தொடவே இல்லை. அவர்களுடைய சின்ன எக்ஸ்100 வரிசை, இன்ஸ்டா தலைமுறை தேடித்தேடி வாங்கும் பொருளாகிவிட்டது. ஓடாமல் நின்றவரும் பிழைத்தார் என்பதால் சொல்கிறேன்.

எல்லோரும் பிழைக்கவில்லை. 1936-லிருந்து கேமரா செய்த ஒலிம்பஸ், 2020-ல் அந்தப் பிரிவையே விற்பதாக அறிவித்தது. கேசியோ 2018-ல் சின்ன கேமராக்களை நிறுத்தியது. சாம்சங் சத்தமில்லாமல் வெளியேறியது. ஒரு கம்பெனி போனால் பொருள் மட்டும் போவதில்லை. நீங்கள் லட்சம் ரூபாய்க்கு வாங்கிவைத்த லென்ஸுக்கு அடுத்த பாடி வராமல் போகலாம். தம்பிக்கு நான் முதலில் காட்டிய அபாயம் இதுதான். கேமரா வாங்குவது பைக் வாங்குவது மாதிரி இல்லை. ஒரு குடும்பத்தில் சம்பந்தம் பண்ணுவது மாதிரி. லென்ஸ் மாட்டும் வாய் கம்பெனிக்குக் கம்பெனி வேறு.

இதிலும் உள்குத்து உண்டு. சோனியின் லென்ஸ் வாய்க்கு சிக்மா, டாம்ரான் போன்ற வெளிக் கம்பெனிகள் கட்டுப்படியான விலையில் லென்ஸ் தருகின்றன. கேனான் தன் புது ஆர்.எஃப் வாயைப் பல வருடம் பூட்டியே வைத்திருந்தது. 2024-ல் அந்த இரு கம்பெனிகளுக்கும் திறந்தபோதும், முதலில் கிராப் சென்சார் லென்ஸ்களோடுதான் ஆரம்பித்தது. பாடி மலிவாக இருக்கிறதே என்று உள்ளே போனால், லென்ஸ் விலையில் கையைக் கடிக்கும்.

போன் தின்னாத இடம்

"போன்லயே எல்லாம் வந்துடுச்சேக்கா, ஃபுல் ஃப்ரேமும் ஒருநாள் போயிடுமோ?" என்றும் அவன் கேட்டான். கடன் வாங்கப் போகிறவன் கேட்க வேண்டிய கேள்விதான்.

உயர்ரகப் போன்களில் 1 இன்ச் சென்சார் என்று விளம்பரம் செய்கிறார்கள். (அந்த சென்சாரில் எந்தப் பக்கத்தை அளந்தாலும் 1 இன்ச் வராது. பழைய டி.வி கேமரா குழாய்க் காலத்துக் கணக்கு அது. குறுக்கே அளந்தாலே 16 மி.மீ.தான்.) ஃபுல் ஃப்ரேமின் பரப்பு அதைப்போல ஏழு மடங்குக்கும் மேல். பகல் வெளிச்சத்தில் இந்த வித்தியாசத்தைப் போனின் சாஃப்ட்வேர் மறைத்துவிடும். பல படங்களை எடுத்து ஒன்றாக்குவது, பின்னணியை மங்கலாக்குவது எல்லாம் அது பார்த்துக்கொள்ளும். பிரம்ம முகூர்த்தத்தில், ஹோமப் புகைக்கு நடுவே, தாலி முடிச்சு விழும் இரண்டு நொடியில் அசையும் பத்துப் பேர் கைகளைப் பிடிக்கச் சொன்னால் திணறும். அந்த இடத்துக்குத்தான் பெரிய சென்சாரும் பெரிய லென்ஸும்.

ஆனால், கேள்வி போனுக்கும் ஃபுல் ஃப்ரேமுக்கும் இடையே இல்லை. தம்பியிடம் இருக்கும் கிராப் சென்சாருக்கும் ஃபுல் ஃப்ரேமுக்கும் இடையே. இங்கே விளம்பரங்கள் சொல்லாத கணக்கு ஒன்று இருக்கிறது. அவன் கொடுக்கும் கல்யாண ஆல்பத்தின் ஒரு பக்கம் 12-க்கு 18 இன்ச். நல்ல பிரின்ட்டுக்கு இன்ச்சுக்கு 300 புள்ளி. பெருக்கிப் பார்த்தால் 1 கோடியே 94 லட்சம் புள்ளிகள். அவனுடைய பழைய கேமராவே 2 கோடியே 40 லட்சம் எடுக்கிறது. ஆக, பிரின்ட்டுக்குத் தேவையான அளவு அவனிடம் ஏற்கெனவே இருக்கிறது.

ஒளி விஷயத்தில் ஃபுல் ஃப்ரேமின் பரப்பு கிராப்பைவிட சுமார் 2.3 மடங்கு. ஒரு ஸ்டாப்புக்குக் கொஞ்சம் மேலே. முன்பெல்லாம் இது பெரிய வித்தியாசம். 2023-ல் லைட்ரூமில் ஏ.ஐ. டீநாய்ஸ் வந்த பிறகு, பொரிப்பொரியாக இருக்கும் படத்தையும் ஓரளவு கழுவித் துடைத்துவிடலாம். எஃப் 1.8 லென்ஸ் ஒன்று இருந்தால், கிட் லென்ஸோடு ஒப்பிடும்போது கிடைக்கும் ஒளி அந்த ஒரு ஸ்டாப்பைவிட அதிகம். அவனிடம் 50 மட்டும்தான் இருந்தது, அதுவும் ஃபோகஸ் தடுமாறும் பழையது.

ஃபுல் ஃப்ரேமின் உண்மையான அருமை எனக்குத் தெரிந்தது வேறு இடத்தில். கும்பகோணம் பக்கத்துப் பழைய மண்டபங்களில் மணப்பெண் அறை என்று ஒன்று கொடுப்பார்கள். எட்டுக்குப் பத்து இருந்தால் அதிகம். உள்ளே பெண், பியூட்டீஷியன், அத்தை, சித்தி, நாலு பட்டுப்புடவைப் பெட்டி. 24 மி.மீ. லென்ஸ் கிராப் கேமராவில் கிட்டத்தட்ட 36 மாதிரி குறுகிவிடும். சுவரில் முதுகை ஒட்டினாலும் எல்லோரும் ஃப்ரேமுக்குள் வரமாட்டார்கள். ஃபுல் ஃப்ரேமில் 24 என்றால் 24.

செயின் பேச்சு

மார்கழி முழுக்க நாங்கள் வாட்ஸ்அப்பில் கணக்குப் போட்டோம். என் கருத்தை அவனிடம் சொன்னபடியே இங்கும் சொல்கிறேன். ஃபுல் ஃப்ரேம் அழியாது. தொழில்காரர்களும் வசதியான ஆர்வலர்களும் வாங்கும் கருவியாக நிலைக்கும். 2024-ல் நிக்கான், சினிமா கேமரா கம்பெனியான ரெட்டை வாங்கியதும் அந்தத் திசையைத்தான் காட்டுகிறது. ஆனால், 1,300 டாலர் ஆர்.பி மாதிரியான விலைக் குறைப்பு இனி அடிக்கடி வரும் என்று நம்பிக் காத்திருக்க வேண்டாம். சோனியின் ஏ7 மூன்றாம் மாடல் 2018-ல் 2,000 டாலர். நான்காம் மாடல் 2021-ல் 2,500. விற்பனை குறையும் சந்தையில் விலை போகும் திசை அது.

இன்னொன்று, அவன் கையில் இருக்கும் டி.எஸ்.எல்.ஆர் வகைக்கு எதிர்காலம் கிடையாது. கேனானும் நிக்கானும் 2020-க்குப் பிறகு புது டி.எஸ்.எல்.ஆர் எதுவும் கொண்டுவரவில்லை. என்றைக்காவது மாறத்தான் வேண்டும். அந்த 'என்றைக்காவது' பெரியம்மாவின் கழுத்திலிருந்து வர வேண்டுமா என்பதுதான் பிரச்னை. நகைக் கடன் வட்டி மாதாமாதம் ஓடும். முகூர்த்தம் மாதாமாதம் வராது. ஆடியும் மார்கழியும் காலி.

அதனால் ஒரு சோதனை வைத்தோம். தை மாதம் முதல் ஆர்டருக்கு ஃபுல் ஃப்ரேம் மிரர்லெஸ் ஒன்றையும் 24-70 லென்ஸையும் வாடகைக்கு எடுத்தான். இரண்டு நாள் வாடகை, அவன் அசிஸ்டென்ட்டுக்குக் கொடுக்கும் சம்பளத்தைவிடக் கொஞ்சம் அதிகம். பழைய கேமராவும் தோளில். பொங்கல் முடிந்து நானும் ஊரில்தான் இருந்தேன், டிராலி பேக் காவலுக்குக் கூடவே போனேன்.

கல்யாணம் முடிந்த மறுநாள், ஸ்டூடியோ மானிட்டரில் இரண்டு கேமராவின் படங்களையும் கலந்து இருபதை ஓடவிட்டு, எது எதில் எடுத்தது என்று பெரியப்பாவைக் கேட்டோம். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு முன்னால் சாய்ந்தார். மாலை ஜானவாச விளக்கு, மணப்பெண் அறை, ஹோமப் புகை, இந்த ஏழு படங்களில் ஆறைச் சரியாகச் சொன்னார். ரிசப்ஷன் மேடை, சாப்பாட்டுப் பந்தி, வாசலில் குரூப் போட்டோ வந்தபோது பாதிக்குப் பாதி தப்பு. "வெளிச்சம் இருந்தா எல்லாம் ஒண்ணுதாம்மா. வெளிச்சம் இல்லாட்டிதான் பணம் பேசுது" என்று எழுந்து போய்விட்டார். பெண் வீட்டாருக்கு முதலில் அனுப்பிய பத்துப் படங்களில், பெண்ணின் பாட்டி அவள் நெற்றிச்சுட்டியைச் சரிசெய்யும் படத்துக்குத்தான் அதிக ஹார்ட். அது வாடகைக் கேமராவில் எடுத்தது, அந்த எட்டுக்குப் பத்து அறையில்.

இப்போதைக்கு முடிவு இது. பழைய 50-ஐக் கொடுத்துவிட்டு, மேலே காசு போட்டு செகண்ட் ஹேண்டில் ஒரு 85 எஃப் 1.8. வாங்கும்போது ஃபுல் ஃப்ரேமுக்கும் பொருந்தும் லென்ஸாகப் பார்த்துத்தான் வாங்கினான். அவன் கம்பெனியில் அடாப்டர் போட்டால் புது மிரர்லெஸ்ஸிலும் ஓடும். இருட்டு மண்டபம், விடியற்காலை முகூர்த்தம் என்றால் வாடகை, அந்தக் காசை கொட்டேஷனிலேயே தனி வரியாகக் காட்டிவிடுவது. யாராவது "ஃபுல் ஃப்ரேம்ல எடுப்பீங்களா?" என்று கேட்டால் தயங்காமல் "எடுப்போம் ப்ரோ, வாடகை தனி" என்று சொல்ல வேண்டும். அதை மட்டும் போனில் என்னிடம் நாலு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டான்.

பெரியம்மாவுக்குத்தான் கொஞ்சம் வருத்தம். பிள்ளைக்குச் செய்யவேண்டியதை நான் வந்து தடுத்துவிட்டேனாம். தட்டில் இரண்டாவது அதிரசம் வைக்காமலேயே நகர்ந்துவிட்டார்.

நேற்று தம்பியிடமிருந்து மெசேஜ். பங்குனியில் நாலு ஆர்டர். இரண்டு ஏ.சி மண்டபம், நல்ல வெளிச்சம். மீதி இரண்டு தேதிக்கு வாடகைக் கடையில் அட்வான்ஸ் போட்டுவிட்டானாம்.